முத்திரை ஏன் மங்கலாக விழுகிறது?

சென்னை மெரினாக் கடற்கரையின் தென்பகுதியில், சாந்தோமுக்கு அருகே, நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. லூப் சாலையோரம் 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் அங்காடியால் இன்று அந்தப் பெயரைச் சென்னைவாசிகள் பலரும் அறிவார்கள். அந்தக் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் என்னிடம் பௌதிகம் படிக்கிறார். அவருடைய தாயாரும் அண்டை வீட்டுப் பெண்கள் ஐவரும் சேர்ந்து நெத்திலிக் கருவாட்டைச் சுத்தம் செய்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, கடைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை. வெளியே பழுப்புக் காகிதப் பை. பையின்மேல் ஒரு மீன் படம். அதன் கீழே உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கங்கள். பையை அச்சகத்தில் அடிக்கக் கட்டுப்படியாகாது என்பதால், படம், எண் இரண்டையும் ஒரே ரப்பர் முத்திரையில் வெட்டி வாங்கி, வீட்டிலேயே கட்டையில் ஒட்டி, கையால் அடித்துக் கொண்டிருந்தார்கள்.

சென்ற ஐப்பசி மழையின்போது கடைக்காரர் ஒருவர் 60 பொட்டலங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். சரக்கில் குறையில்லை. பதிவு எண்ணில் 6 எது, 8 எது என்று தெரியவில்லையாம். எண் தெளிவாக இல்லாத பொட்டலத்தைக் கடையில் வைத்தால் தமக்குத்தான் தொல்லை என்றும், இன்னொரு முறை இப்படி வந்தால் சரக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"மீனு நடுவுல வெளுத்துப் போவுது சார். சரி, நல்லா அமுத்துவோம்னு அமுத்துனா கீழ நம்பரு பூசிக்கிது" என்றார் மாணவியின் தாயார். முத்திரையைக் கையில் கொடுத்தார். ரப்பரில் வெட்டு மிகச் சுத்தமாக இருந்தது. எழுத்துகளின் ஓரம் கத்தி போல் கூர்மை. அப்படியானால் பிழை எங்கே?

பிழை ரப்பருக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் முத்திரை வாங்குகிறவர்கள் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அச்சு நன்றாக விழுமா, விழாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ ரப்பருக்கும் மரத்துக்கும் இடையே கண்ணில் படாமல் இருக்கும் பகுதி.

முதலில் ரப்பரைப் பற்றிச் சில செய்திகள். ரப்பர் மரத்தின் பாலை உறையவைத்துப் பெறும் கச்சா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலம் போட்டுவிடுகின்றன. அதனால் இழுத்தாலும் அமுக்கினாலும் விட்டவுடன் பழைய உருவுக்குத் திரும்புகிறது. இதுவே வல்கனைசேஷன். ரப்பர் முத்திரை இதற்குப் பிறகு, 1860-களில் அமெரிக்காவில் தோன்றியது. முதலில் யார் செய்தார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டவை பல் வைத்தியர்கள் பல்செட்டுக்கு ரப்பரைப் பதப்படுத்த வைத்திருந்த சிறு கொதிகலன்கள் என்பது சுவையான செய்தி. நம் ஊர்க் கடைகளிலும் வெகுகாலம் ஈய எழுத்துகளைக் கோத்து, அவற்றிலிருந்து அச்சுக்குழி எடுத்து, அதன்மேல் கச்சா ரப்பர்த் தகட்டை வைத்து, ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் சில நிமிடம் அழுத்தி முத்திரை செய்தார்கள். இன்று லேசர் கதிரால் ரப்பரைச் செதுக்குகிறார்கள். அல்லது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசினில் வார்க்கிறார்கள். செய்முறை மாறினாலும், பின்னால் ஒரு கட்டை வேண்டியிருக்கும் முத்திரைகளுக்கெல்லாம் கட்டையில் ஏற்றும் வேலை அன்றுபோல் இன்றும் இருக்கிறது.

நொச்சிக்குப்பத்து முத்திரைக்கு வருவோம். ரப்பரை மெதுவாகப் பிரித்தெடுத்து, கட்டையை மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்தோம். பார்வைக்குச் சமமாக உட்கார்ந்தது. ஆனால் மரத்தின் இழை முடிகிற பக்கமாக ஒரு வெள்ளைத்தாளைச் செருகியபோது, அது நடுவில் தடையின்றி நுழைந்தது. இரண்டாவது தாளும் நுழைந்தது, மூன்றாவதும் நுழைந்தது. நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஆகவே கட்டையின் அடிப்பக்கம் நடுவில் சுமார் 0.3 மில்லிமீட்டர் குழிந்திருந்தது.

வாங்கும்போது சமமாக இருந்த கட்டை ஏன் குழிந்தது? மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஈரம் போனால் சுருங்கும். இழையின் நீளவாட்டில் இந்த மாற்றம் மிகவும் சொற்பம், குறுக்குவாட்டில்தான் அதிகம். இந்தக் கட்டையின் அடிப்பக்கம் பசையாலும் ரப்பராலும் மூடப்பட்டிருந்தது. மேல்பக்கம் வார்னிஷ் இல்லாமல் திறந்து கிடந்தது. கடலிலிருந்து நூறு தப்படி தள்ளி இருக்கும் வீடு, அதிலும் மழைக்காலம். மேல்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பருத்தது. மேல்பக்கம் அகன்று அடிப்பக்கம் அகலாமல் இருந்தால் பலகை மேல்நோக்கி வளைய வேண்டியதுதானே? மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

0.3 மில்லிமீட்டர் ஒரு பெரிய குறையா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவாடு நிறுக்கும் தராசின்மேல் காகிதத்தை வைத்து, வழக்கம்போல் முத்திரை அடிக்கச் சொன்னோம். முள் 5 கிலோ அளவில் நின்றது. மீன் படத்தில் மையிட்ட பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். எண்கள் மெல்லிய கோடுகள். பதினான்கையும் சேர்த்தாலும் அரைச் சதுர சென்டிமீட்டர்தான் வரும். 5 கிலோ எடையும் 12.5 சதுர சென்டிமீட்டரில் சமமாகப் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ அழுத்தம். எண்களும் தெளிவாக விழும். மீனும் நிறைவாக விழும். ஆனால் கட்டையின் நடு குழிந்திருக்கிறது. மீன் இருப்பது நடுவில். எண்கள் இருப்பது ஓரத்தில். எடையில் பாதி எண்களின்மேல் இறங்கினால்கூட, அரைச் சதுர சென்டிமீட்டரில் இரண்டரை கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. இருக்க வேண்டியதைப் போல் பன்னிரண்டு மடங்குக்குமேல்! மீன் வெளுக்கிறது என்று இன்னும் பலமாக அழுத்தினால், அந்தப் பலமும் முதலில் எண்களுக்குத்தான் போகும். தாயார் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். ரப்பர்தான் மென்மையான பொருளாயிற்றே. ஓரத்திலுள்ள எழுத்து அமுங்கிக்கொடுத்து, நடுவிலுள்ள மீன் காகிதத்தைத் தொட விடாதா?

விடாது. ரப்பரைப் பற்றி நம்மில் பலருக்கும் உள்ள தவறான எண்ணம் இது. அழிப்பான் ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கிடையே அமுக்கிப் பாருங்கள். உயரம் குறைகிறது, ஆனால் பக்கங்கள் பிதுங்குகின்றன. உருவம் மாறுகிறதே தவிரக் கனஅளவு மாறுவதில்லை. உருவத்தை மாற்றத் தேவைப்படும் விசையைப் போல் ஆயிரம் மடங்குக்குமேல் செலுத்தினால்தான் ரப்பரின் கனஅளவை அதே விகிதத்தில் குறைக்க முடியும். இந்த வகையில் ரப்பர் ஏறத்தாழத் தண்ணீரைப் போன்றது. ஆகையால் எண்ணின் கோடு உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால், அகலத்தில் நான்கில் ஒரு பங்கு பருத்தாக வேண்டும். அந்தப் பருமன் எங்கே போகும்? 6-இன் வயிற்றுக்குள்ளும் 8-இன் இரு வளையங்களுக்குள்ளும் போகும். கோட்டோரத்து மையும் உள்ளே தள்ளப்படும். வளையம் அடைபட்ட பிறகு 6 என்ன, 8 என்ன?

மீனின் நிலை வேறு. அகலமான ரப்பர்த் தகட்டின் ஒரு பக்கம் பசையால் கட்டையோடு பிடிபட்டிருக்கிறது. மறுபக்கம் காகிதத்தின் உராய்வில் சிக்கியிருக்கிறது. பிதுங்க இடமில்லாத ரப்பர், ரப்பர் போல் நடந்துகொள்ளாது. கிட்டத்தட்டப் பலகை போல் விறைத்து நிற்கும். தகடு எவ்வளவு அகலமோ, எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு விறைப்பு கூடும். பாலங்களின் தூண்களுக்கும் மேல்தளத்துக்கும் இடையே ரப்பர்த் திண்டுகளை வைத்துப் பெரும் சுமை தாங்கச் செய்வது இந்தக் குணத்தை நம்பித்தான். பாலத்துக்கு நல்லதாக இருப்பது முத்திரைக்குக் கெடுதலாக முடிகிறது.

மெத்தை வேண்டும்

ரப்பருக்கும் கட்டைக்கும் இடையே கனஅளவு குறையக்கூடிய ஒரு பொருள் வேண்டும். காற்றறைகள் நிறைந்த பஞ்சுத்தகடு அப்படிப்பட்டது. அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. மேடான இடம் மெத்தைக்குள் சற்று இறங்கும், பள்ளமான இடம் காகிதத்தைத் தொடும், அழுத்தம் சமனாகும். வெறும் பலகையில் படுத்தால் தோளும் இடுப்பும் வலிப்பதையும், இலவம்பஞ்சு மெத்தையில் வலிக்காததையும் எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

மெத்தை முத்திரையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணிகளுக்குத் தேக்கில் செதுக்கிய கட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். கட்டை கெட்டியானது, அதனால் மேசைமேல் பல மடிப்பு முரட்டுத் துணியை விரித்து, மெத்தையைத் துணிக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதையே நாமும் செய்யலாம். அவசரத்துக்குக் காகிதத்தின் அடியில் பழைய செய்தித்தாள் பத்து மடிப்பு வைத்து அடித்தால், மோசமான முத்திரைகூட ஓரளவு சீராக விழும். வீட்டில் இப்போதே செய்து பார்க்கத் தக்க சோதனை இது. ஆனால் பை தயாரிப்பில் ஒரு சங்கடம்: ஒட்டிய பையில் மடிப்பு இருக்கும் இடம் மேடாக இருப்பதால், கீழே எதை வைத்தாலும் முத்திரையிலும் மெத்தை தேவைப்பட்டது.

எதை வைப்பது? முதலில் நான் சொன்ன யோசனை தெர்மாகோல். செருப்புக் கடைப் பசையைத் தடவிய சில நொடிகளில் தெர்மாகோல் சுருண்டு, உருகி, கட்டையில் வெறும் பிசுபிசுப்பாக நின்றது. பசையிலுள்ள கரைப்பான் அதைக் கரைத்துவிட்டது. மாணவிக்குச் சிரிப்பு, எனக்கு வெட்கம். அடுத்து அவருடைய தம்பி, மணலில் ஒதுங்கிக் கிடந்த பழைய ரப்பர்ச் செருப்பைக் கொண்டுவந்தான். செருப்பின் அடி மிகச் சிறந்த காற்றறைப் பஞ்சுதான். ஆனால் கத்தியால் எவ்வளவு கவனமாகச் சீவினாலும் ஒரே கனத்தில் வரவில்லை. கடைசியில் எழுதுபொருள் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் ஃபோம் தகடு கைகொடுத்தது. (செருப்பு வீணாகவில்லை. தம்பி அதில் கட்டுமரமும் நண்டும் செதுக்கி, பொங்கல் வாழ்த்து அட்டைகள் அடிக்கத் தொடங்கிவிட்டான்.)

தகட்டின் கனம் முக்கியம். 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். 6 மில்லிமீட்டர் வைத்துப் பார்த்தோம். எழுத்துகள் மெத்தைக்குள் அமிழ்ந்து, அச்சில் விழக் கூடாத பள்ளப்பகுதியும் ரப்பரின் வெளி ஓரமும் காகிதத்தைத் தொட்டுக் கறை செய்தன. மெத்தைமேல் ஏற்றிய முத்திரைக்கு ரப்பரின் வெற்று ஓரங்களைப் படத்தை ஒட்டி வெட்டிவிட வேண்டியது இதனால்தான். வெட்டும்போது கத்தரிக்கோலைச் சாய்த்து, அடி அகலமாகவும் முகம் குறுகலாகவும் வரும்படி வெட்டுவது நலம். கோட்டின் அடியைக் குடைந்துவிட்டால் கோடு நிற்காமல் சாயும். சாய்வதை எதிர்க்கும் விறைப்பு, கோட்டுத் தடிப்பின் முப்படியைப் பொறுத்தது. அடி பாதியாக மெலிந்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும்.

படத்தையும் எண்ணையும் தனித்தனிக் கட்டையில் வைத்தால் என்ன என்று கேட்டேன். பௌதிகப்படி அதுதான் சரியான வழி. "ஒரு பைக்கு ரெண்டு தபா அடிக்கணுமா சார்? இருநூறு பை கீது" என்று தாயார் மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆகவே அச்சகத்தாரின் பழைய தந்திரம் ஒன்றைக் கையாண்டோம். ஈய அச்சு எந்திரத்தில் ஏதேனும் ஓரிடம் வெளுத்து விழுந்தால், அந்த இடத்துக்கு மட்டும் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி உயர்த்துவார்கள். 'மேக் ரெடி' என்பது அவர்கள் வழங்கும் பெயர். நாங்களும் மீனுக்கு நேர் பின்னால், ஃபோமுக்கும் கட்டைக்கும் நடுவே, மீனைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய இரண்டு தாள்களை வைத்தோம். எண்களின் பின்னால் ஒன்றும் வைக்கவில்லை.

ஒட்டுவதும் மை பிடிப்பதும்

அவர்கள் முன்பு ரப்பரை ஒட்டியது மர வேலைக்கான வெள்ளைப் பசையால். அந்தப் பசை நீர் வெளியேறினால்தான் இறுகும். மரம் நீரை உறிஞ்சும், ரப்பர் உறிஞ்சாது. அதனால் மரத்தில் கெட்டியாகப் பிடித்த பசை, ரப்பரிலிருந்து தோலாக உரிந்து வந்தது. ரப்பருக்கு ஏற்றது, கரைப்பானில் கரைத்த ரப்பரே ஆன பசை. சைக்கிள் பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்பார்களே, அந்த இனம். செருப்புக் கடைப் பசையும் அதன் உறவுதான். பஞ்சர் ஒட்டுபவர் செய்வதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் தேய்க்கிறார். இரு பக்கமும் மெல்லியதாகத் தடவுகிறார். உடனே ஒட்டாமல் காத்திருக்கிறார். விரலில் ஒட்டாத அளவு உலர்ந்த பிறகே ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தட்டுகிறார். ஈரமாக ஒட்டினால் கரைப்பான் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே குமிழாகத் தங்கும். முத்திரையில் ஒவ்வொரு குமிழும் ஒரு மேடு. உலர்ந்த இரண்டு படலங்கள் சேரும்போது ஒன்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் மற்றதற்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது; எனவே ஒரு முனையிலிருந்து உருட்டுவதுபோல் வைக்க வேண்டும். கரைப்பான் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பற்றும். அடுப்பில்லாத திறந்த இடத்தில் செய்க.

கட்டையை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கிய பின், இம்முறை ஆறு பக்கமும் வார்னிஷ் பூசினோம். ஈரம் அடியோடு நுழையாது என்பதல்ல. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நுழைந்தால் கட்டை வளையாது.

புது ரப்பரில் முதல் சில அச்சுகள் புள்ளி புள்ளியாக விழுவதைக் கண்டிருப்பீர்கள். அச்சுக்குழியில் ஒட்டாமலிருக்கத் தூவிய மாவும், ரப்பருக்குள்ளிருந்து மேலே கசியும் கந்தகம் முதலியனவும் முகத்தில் படிந்திருக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். ரப்பர் முகத்தின் ஈர்ப்பு அதற்கு ஈடுகொடுப்பதில்லை. தாமரை இலைத் தண்ணீர் போல் மை திரண்டு உருளும். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, பென்சில் அழிப்பானால் முகத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் மை சீராகப் பரவும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கக் கூடாது. ரப்பர் அவற்றை உறிஞ்சி ஊதிவிடும்.

ஸ்டாம்ப் பேடு மையில் கிளிசரின் போன்ற, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் சேர்ந்திருக்கும். பேடு மாதக்கணக்கில் காயாமலிருப்பதற்கு அதுவே காரணம். கடற்கரை மழைக்காலத்தில் அதுவே தொல்லையும் ஆகும். திறந்து வைத்த பேடு காற்றின் ஈரத்தை இழுத்து மையை நீர்க்க வைக்கும். பழுப்புக் காகிதத்தின் நார்களுக்கிடையே உள்ள நுண்புழைகள் நீர்த்த மையை நாலாபக்கமும் இழுத்துச் செல்லும். ஆகையால் அடித்து முடித்தவுடன் பேடை மூடிவிட வேண்டும். மை தொடும்போதும் முத்திரையைப் பேடில் அழுத்தாமல், இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டினால் மை கோடுகளின் முகத்தில் மட்டும் படும்.

கார்த்திகையில் அனுப்பிய 200 பைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை. தராசில் மறுபடி அடித்துப் பார்த்தபோது 3 கிலோ அளவிலேயே மீனும் எண்ணும் முழுமையாக விழுந்தன. இருநூறு அடித்த பிறகும் மணிக்கட்டு வலிக்கவில்லை என்றார் தாயார். மீனின் வால் நுனி மட்டும் இன்னும் சற்று வெளுத்துத்தான் விழுகிறது. நாங்கள் ஒட்டிய தாள் வால்வரை எட்டவில்லை. பிரித்துச் சரிசெய்யலாமா என்று கேட்டதற்கு, "வாலு தண்ணிக்குள்ள கீதுன்னு இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, வெயில் படாத அலமாரியில் முத்திரையை முகம் மேலாகத் திருப்பி வைத்தார். இயற்கை ரப்பரை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் வெடிக்கச் செய்யும் என்று மகளிடம் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.